318ஆம் இலக்கச் செடியை நான் பயிரிடவில்லை

அனுப்புநர்:
ஸக்கியா அப்துல் ஸமத்,
இல. 41/2, கிணற்றடி ஒழுங்கை,
இரத்தோட்டை.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
நாட்டுத் தாவரப் பதிவுத் திட்டம்,
தலைமை அலுவலகம்,
கண்டி.

பொருள்: என் மகள் அஸ்ரா 2023.10.14 அன்று ரிவர்ஸ்டன் ஓடைக்கரையில் எடுத்த காட்டுச் செடியை "பயிரிடப்பட்டது" என வகைப்படுத்தியதையும், அதற்குரிய 318ஆம் இலக்கத்தை இரத்துச் செய்ததையும் மீளப் பரிசீலிக்கக் கோரல்

மதிப்புக்குரிய ஐயா,

1. இம்மனுவை நானே எழுதுகிறேன். முதலில் மாத்தளையில் மனு எழுதிக் கொடுக்கும் ஒருவரிடம் போனேன். நான் சொன்னதில் பாதியைக் கேட்டதுமே அவர் "ஆறாத் துயரில் மூழ்கியிருக்கும் அபலைத் தாயாகிய" என்று தொடங்கிவிட்டார். துயரம் உண்மைதான். ஆனால் நான் அபலை அல்ல. ஐம்பது கிலோ மிளகு மூட்டையை இன்றும் தனியே புரட்டிப் போடுவேன். அவருக்குரியதைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். ஆகவே இதில் காணப்படும் பிழைகள் யாவும் என்னுடையவை.

2. என் கணவர் அப்துல் ஸமத் இரத்தோட்டைத் தோட்டங்களில் மிளகு, கராம்பு, ஏலம் வாங்கி மாத்தளைக் கடைகளுக்குக் கொடுப்பவர். அவற்றைக் காயவைத்துத் தரம் பிரிப்பது என் வேலை. எங்கள் ஒரே மகள் அஸ்ரா பேராதனையில் தாவரவியல் படித்து முடித்து, 2021 மார்ச் மாதம் முதல் தங்கள் திட்டத்தில் ஒப்பந்த அடிப்படையில் களப் பதிவாளராகக் கடமையாற்றினார். அவர் எடுத்த 1 முதல் 317 வரையான செடிகளும் 318க்குப் பின் எடுத்தவையும் உலர்த்தப்பட்டுத் தாளில் ஒட்டப்பட்டு இன்றும் தங்கள் அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றின் சீட்டுகளில் அவர் பெயரும் இருக்கிறது. அதற்கு நன்றி. நான் எழுதுவது 318 பற்றி.

3. தங்கள் அலுவலகத்துக்கு வந்துசேரும் தாள்கள் எப்படி உருவாகின என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எங்கள் வீட்டில் அவை எப்படி உருவாகின என்பதையும் அறியவேண்டும். மிளகு காயவைக்கும் அறையில் பாதியை அவள் பிடித்துக்கொண்டாள். (மகளை "அவர்" என்று எழுதிப் பார்த்தேன், யாரோ ஒருவரைப் பற்றி எழுதுவதுபோல் இருக்கிறது. மன்னிக்கவேண்டும், இனி அவள் என்றே எழுதுகிறேன்.) செடிகளைப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையில் விரித்து, பலகை வைத்து, மேலே என் அம்மிக்கல்லை ஏற்றி வைப்பாள். அதனால் இரண்டரை வருடம் எங்கள் வீட்டில் யாரும் ஒரு பத்திரிகையை முழுதாக வாசித்ததில்லை. என் கணவர் மிளகு விலையைப் பார்க்கத் தாளைத் தூக்கினால் உள்ளே பன்னச்செடி ஒன்று படுத்திருக்கும். அவர் ஏசுவார், அவள் சிரிப்பாள்.

4. அந்த வேலையில் எனக்கும் இரண்டு பங்கு இருந்தது. ஒன்று, இலக்கச் சீட்டுகளைச் செடியில் வெள்ளை நூலால் கட்டுவது. தண்டு நசுங்காமலும் நூல் நழுவாமலும் முடிச்சுப் போட அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. மற்றது மணம். செடி காய்ந்தால் அதன் நிறமும் மணமும் போய்விடும் என்பதால் பச்சையாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டுமாம். முப்பது வருடம் கராம்பையும் ஏலத்தையும் மோந்து பிரித்த மூக்கு என்னுடையது. ஒவ்வொரு முறையும் கசக்கிய இலையை என் முகத்தருகே கொண்டுவந்து, "உம்மா, சொல்லுங்க பாப்பம்" என்பாள். தங்களிடம் உள்ள தாள்களில் "மணம்" என்ற வரியில் "பச்சை மிளகும் ஈர மண்ணும்", "பழைய ஏலம்" என்றெல்லாம் எழுதியிருந்தால் அவை நான் சொன்னவை. அனுமதியின்றி அரசாங்க வேலையில் கைவைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

5. 318ஆம் செடியை 2022 நவம்பரில் ரிவர்ஸ்டன் மலைக்காட்டு ஓடை ஒன்றின் கரையில் எடுத்தாள். ஏலச்செடி வகையைச் சேர்ந்தது. ஆனால் நான் பார்த்த எந்த ஏலமும் அல்ல. இலையின் அடிப்பக்கம் ஊதா நிறம். அவளுடைய புத்தகங்களிலும் அது இல்லை. பல நாள் தேடிவிட்டு, "உம்மா, இதுக்குப் பேரே இல்ல போல" என்றாள். பெருமையாகச் சொல்லவில்லை, சற்றுப் பயந்துதான் சொன்னாள்.

6. 2023 பெப்ரவரியில் தங்கள் அலுவலகம் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பியது. பூவோ காயோ இல்லாத மாதிரியை ஏற்க முடியாது என்றும், பன்னிரண்டு மாதத்துக்குள் பூவுடன் மீளச் சமர்ப்பிக்காவிடின் இலக்கம் இரத்தாகும் என்றும் கடிதத்தில் இருந்தது. அந்த விதி நியாயமானது. நான் கோபப்பட்டேன், அவள் படவில்லை. பூ இல்லாமல் ஒரு செடி யாரென்று அடித்துச் சொல்ல முடியாது என்று எனக்கே விளக்கினாள். மூன்று முறை போய்ப் பார்த்தாள். பூ இல்லை. நான்காவது முறை 2023 ஒக்டோபர் 14, சனிக்கிழமை. காலை பஸ்ஸில் போனாள். விடுமுறை நாளில் ஏன் போகவேண்டும் என்று கேட்டேன். "பூவுக்குச் சனி ஞாயிறு தெரியுமா உம்மா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

7. அன்று அவளுடன் தங்கள் திட்டத்தின் மற்றொரு களப் பதிவாளரான திரு. தனுஜன் போயிருந்தார். அவருடைய கடிதத்தை இணைத்துள்ளேன். அவர் ஓடையின் மேற்பக்கம் வேறு செடிகளை எடுத்துக்கொண்டிருந்தார். கீழிருந்து அவள் "தனுஜன், கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டது கேட்டதாம். குரலில் சந்தோஷம் இருந்தது என்று எழுதியிருக்கிறார். கையிலிருந்ததை வைத்துவிட்டு அவர் இறங்கி வருவதற்குள் அவள் கல்லில் வழுக்கி விழுந்துவிட்டாள். தலையில் அடி. தொலைபேசி ஓடையோடு போய்விட்டது. முதுகில் மாட்டிய பை மட்டும் நனையாமல் இருந்தது. வழியில் போன வாகனமொன்றில் ஏற்றி மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் இல்லை.

8. மறுநாள் ஞாயிறு காலை மரண விசாரணை முடிந்து ஜனாஸாவை, அவள் உடலை, தந்தார்கள். லுஹர் என்னும் மதியத் தொழுகைக்குப் பின் அடக்கம். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடக்கிய பின் கப்றின், அதாவது புதைகுழியின், தலைமாட்டில் பச்சைக் கொப்பு ஒன்றை நடுவோம். அது ஈரமாக இருக்கும் வரை இறைவனைத் துதிக்கும், உள்ளே இருப்பவருக்கு அது ஆறுதல் என்பது எங்கள் நம்பிக்கை. என் கணவர் வேலியில் எதையாவது ஒடிக்கப் போனார். நான் விடவில்லை. என் மகள் கடைசியாகத் தொட்டது அவளோடு போகட்டும் என்று அந்தப் பையைத் திறந்தேன். பொலித்தீன் உறையில் ஈரப் பத்திரிகை சுற்றிய ஒரு செடி, கிழங்கோடு இருந்தது. முந்தைய நாளே எடுத்ததால் இலை சற்றுத் துவண்டிருந்தது. அது என்ன செடி என்று நான் பார்க்கவில்லை. அன்று எனக்குப் பார்க்கும் கண் இல்லை.

9. இனி எழுதுவதை இதுவரை என் கணவரிடமும் தனுஜனிடமும் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. உடலைச் சுற்றும் கபன் துணியில் கட்டிய முடிச்சுகளைக் கப்றுக்குள் வைத்து அவிழ்த்துவிடுவது எங்கள் முறை. முடிச்சோடு எதுவும் போகக்கூடாது என்ற நினைப்பு அன்று என் மனதில் நின்றது. அந்தச் செடியின் தண்டிலும் வெள்ளை நூலில் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது. வழக்கம்போல் அவளுடைய கோணல் முடிச்சு. அதை அவிழ்த்து மேசை லாச்சிக்குள் போட்டேன். தண்டின் அடியில் வாடிச் சுருண்டு, பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. தரம் பிரிக்கும் கை இது ஐயா. வாடியது பட்டால் யோசிக்காமல் கிள்ளி எறியும். கிள்ளி முற்றத்தில் எறிந்தேன். செடியைக் கழுவி, சுத்தமாக என் கணவர் கையில் கொடுத்தேன். அவர் கொண்டுபோய் நட்டார்.

10. நாற்பது நாளுக்குப் பிறகுதான் அவளுடைய களக் குறிப்பேட்டைத் திறந்தேன். கடைசிப் பதிவை எழுத்துக்கு எழுத்து இங்கே எழுதுகிறேன். மூலப் பிரதி என்னிடம் உண்டு. தேவைப்பட்டால் கொண்டுவந்து காட்டுவேன், தரமாட்டேன்.

"318 அ. 14.10.23. முன்பு எடுத்த 318இன் அதே கூட்டம். பூ உண்டு, ஒன்றே ஒன்று. அடியில், மண்ணோடு ஒட்டி. வெள்ளை, நடுவில் மஞ்சள் கோடு. காலையில் விரிந்திருக்கவேண்டும், பின்னேரத்துக்குள் போய்விடும். ஒரு தண்டை மட்டும் கிழங்கோடு எடுத்தேன், மீதி ஏழும் அங்கேயே. மணம்: உம்மாவிடம் கேட்கவேண்டும்."

11. நான் கிள்ளி எறிந்தது எது என்று அப்போதுதான் தெரிந்தது. முற்றத்தில் போய்த் தேடினேன். நாற்பது நாள் மழை பெய்த முற்றம். என்ன கிடைக்கும்? ஆனாலும் தேடினேன். என் கணவர் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நான் அழுத அழுகையில் எவ்வளவு மகளுக்காக, எவ்வளவு அந்தப் பூவுக்காக என்று இன்றுவரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. என் பிள்ளை உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்ததை நான் குப்பை என்று நினைத்தேன்.

12. 2024 மார்ச் 5ஆம் திகதி தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. செல்வி அஸ்ரா அப்துல் ஸமத் என்று விலாசமிட்டிருந்தது. "தாங்கள் உரிய காலத்துள் மாதிரியை மீளச் சமர்ப்பிக்கத் தவறியமையால் 318ஆம் இலக்கம் இரத்துச் செய்யப்படுகிறது. எதிர்காலத்தில் இவ்விடயத்தில் கூடிய கவனம் செலுத்தவும்." அவளுடைய ஜனாஸாவுக்கு அதே அலுவலகத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள், அதை நாங்கள் மறக்கவில்லை. கடிதம் அனுப்பும் மேசைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலும். என் கணவர் அதைக் கிழிக்கப் பார்த்தார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

13. இதற்கிடையில் கப்றில் நட்ட செடியின் இலைகள் காய்ந்து விழுந்துவிட்டன. நாங்களும் விட்டுவிட்டோம். 2024 ஏப்ரல் மழைக்குப் பின் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த என் கணவர், தொப்பியைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "ஸக்கியா, கீழால முளைச்சிருக்கு" என்றார். கிழங்கு சாகவில்லை. அந்த வருடம் ஒக்டோபர் 11, அதுவும் வெள்ளிக்கிழமை, அடியில் ஒரு பூ. வெள்ளை, நடுவில் மஞ்சள் கோடு. எங்கள் ஊர் வழக்கப்படி பெண்கள் அடக்கத்தலமான மையவாடிக்குள் போவதில்லை. ஆகவே அவர் தொலைபேசியில் படமெடுத்து வந்து காட்டினார். மணம் எப்படி என்று கேட்டேன். "எனக்கு அந்த இடத்தில மூக்கு வேலை செய்யாதுங்க" என்றார். ஒருநாளும் என்னோடு மரியாதை போட்டுப் பேசாத மனிதர். பிறகு நான் கேட்கவில்லை.

14. படத்தைத் தனுஜனுக்கு அனுப்பினோம். குறிப்பேட்டுடன் ஒப்பிட்டு, அதே செடிதான் என்று உறுதிப்படுத்தினார். 2024 நவம்பர் 19ஆம் திகதி நானும் கணவரும் படத்துடனும் குறிப்பேட்டுடனும் தங்கள் அலுவலகத்துக்கு வந்தோம். பதிவுப் பிரிவு உத்தியோகத்தர் திருமதி சந்திரவதனா எங்களை உட்காரவைத்து, தேநீர் தந்து, முழுவதையும் கேட்டார். அவர்மீது எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை. ஆனால் படிவத்தின் ஏழாம் இலக்கத்தில் இரண்டு கூடுகள் இருந்தன: காட்டில் வளர்வது, பயிரிடப்பட்டது. மையவாடியில் கையால் நட்ட செடி பயிரிடப்பட்டதாகவே கொள்ளப்படும் என்றார். காட்டுத் தாவரப் பட்டியலில் அதைச் சேர்க்க முடியாது. வீட்டுத்தோட்டத் தாவரப் பிரிவுக்குத்தான் போகும். எடுத்த இடம் இரத்தோட்டை. எடுத்தவர் அப்துல் ஸமத். நான் வாதாடினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா, படிவத்தில ரெண்டு கூடுதான் இருக்கு. மூண்டாவது கூடு கீற எனக்கு ஏலாது" என்றார். 2025 பெப்ரவரியில் அதுவே கடிதமாகவும் வந்தது.

15. ஐயா, பயிர் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். என் வாழ்நாள் முழுதும் பயிரின் நடுவில்தான். விளைச்சலை எண்ணி நடுவது பயிர். உரம் போடுவது, களை எடுப்பது, காயைப் பறிப்பது பயிர். அந்தச் செடியை நட்ட அன்று அதிலிருந்து நாங்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை. அது முளைக்கும் என்றுகூட நினைக்கவில்லை. உண்மையை மறைக்க விரும்பவில்லை: என் கணவர் முதல் இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றினார். மகளுக்கு ஊற்றினார், செடிக்கு அல்ல. நான் அதைப் பயிரிட்டேன் என்று கையெழுத்திட்டால் அது பொய்ச் சாட்சியம். அது ரிவர்ஸ்டன் காட்டுச் செடி. அதை எடுத்தவள் அஸ்ரா. வழியில் ஒரு தாயின் கைப்பிழையால் அது தவறான இடத்தில் இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

16. ஓடைக்கரையில் மீதி ஏழு இருக்கின்றனவே, அங்கே போய் எடுக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். தனுஜன் சென்ற ஆண்டு டிசம்பரில் போய்ப் பார்த்தார். அந்தக் கரை மண்ணோடு சரிந்து கிடக்கிறது. மேலும் கீழும் தேடியும் ஒன்றுகூடக் காணவில்லை. வேறெங்காவது இருக்கலாம், இருக்கவேண்டும் என்று துஆ கேட்கிறேன். இன்றைக்கு எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அந்த ஒன்றுதான்.

17. ஆகவே பின்வருவனவற்றைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

(அ) 318ஆம் இலக்கத்தின் இரத்தை நீக்கி, எடுத்த இடம் ரிவர்ஸ்டன் என்றும், திகதி 2023.10.14 என்றும், எடுத்தவர் அஸ்ரா அப்துல் ஸமத் என்றும் பதியவேண்டும். பூ எங்கிருந்து வந்தது என்ற விபரத்தைக் குறிப்பாகக் கீழே எழுதலாம். அதில் என் பிழையையும் எழுதலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

(ஆ) செடிக்கு அவள் பெயரை வைக்குமாறு நான் கேட்கவில்லை. பெயர் வைப்பது படித்தவர்களின் வேலை. சீட்டில் எடுத்தவர் என்ற வரியில் அவள் பெயர் இருந்தால் போதும். மற்ற எல்லாவற்றிலும் இருப்பதுபோல.

(இ) பூவை எடுக்கத் தங்கள் உத்தியோகத்தர் ஒருவரை அனுப்பவேண்டும். என் கணவரால் அதைப் பறிக்க முடியாது. பள்ளிவாசல் ஹஸரத்திடம் கேட்டோம். கல்விக்காக ஒரு பூவை எடுப்பதில் தடையில்லை என்றார். ஆனாலும் என் கணவரின் கை போகவில்லை. கிழங்கைத் தோண்டவேண்டாம். ஒரு தண்டும் ஒரு பூவும் போதும் என்று தனுஜன் சொல்கிறார்.

18. காலம் குறைவு என்பதையும் தெரிவிக்கவேண்டும். ஒக்டோபர் 26 ஞாயிற்றுக்கிழமை மையவாடியில் புல் வெட்டும் சிரமதானம் நடக்கவிருக்கிறது. நிர்வாக சபையின் தலைவர் ஜனாப் புஹாரி அந்த ஒரு கப்றைச் சுற்றிக் கயிறு கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அன்று ஐம்பது அறுபது பேர் கத்தியோடு வருவார்கள். எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வாடியதைக் கண்டால் கிள்ளும் கைகள் எங்கள் ஊரில் நிறைய. சென்ற வெள்ளியன்று என் கணவர் பார்த்தபோது அடியில் இரண்டு மொட்டுகள் இருந்தன. விரிந்தால் ஒரு பகல்தான் நிற்கும். மொட்டு வெளுத்த அன்றே தொலைபேசியில் அறிவிப்போம். கண்டியிலிருந்து முதல் பஸ்ஸில் புறப்பட்டால் மதியத்துக்குள் வந்துவிடலாம்.

19. இறுதியாக ஒன்று. இது விதியில் இல்லாத கோரிக்கை. மறுத்தால் குறைநினைக்க மாட்டேன். பூவை எடுத்ததும் அங்கேயே தாளில் வைத்து அழுத்திவிட வேண்டாம். நான் மையவாடி வாசலுக்கு வெளியே நிற்பேன். உத்தியோகத்தர் அதைப் பச்சையாக வாசல்வரை கொண்டுவந்து ஒருமுறை என்னிடம் தரவேண்டும். குறிப்பேட்டில் மணம் என்ற வரி இரண்டு வருடமாக முடியாமல் நிற்கிறது. அது என்னிடம் கேட்ட கேள்வி. நான்தான் பதில் சொல்லவேண்டும். நான் சொல்வதை அவர் எழுதிக்கொள்ளட்டும். அவள் கையால் "318 அ" என்று எழுதிய சீட்டும் வெள்ளை நூலும் லாச்சிக்குள் அப்படியே இருக்கின்றன. கொண்டுவருவேன். இம்முறை முடிச்சை நானே போட்டுத் தருகிறேன்.

தங்கள் உத்தியோகத்தரின் வருகையை வாசலில் எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
ஸக்கியா அப்துல் ஸமத்
அஸ்ராவின் தாய்

இடம்: இரத்தோட்டை
திகதி: 2025.09.24

இணைப்புகள்: களக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தின் பிரதி, 2024.10.11 பூவின் படம்; திரு. தனுஜனின் கடிதம், செல்வி அஸ்ராவுக்கு 2024.03.05 அன்று அனுப்பப்பட்ட தங்கள் கடிதம் (மூலம். உரியவர் பெற்றுக்கொள்ள இயலாமையால் திருப்பி அனுப்புகிறேன்.)

பிரதி: தலைவர், பள்ளிவாசல் நிர்வாக சபை – தகவலுக்காகவும், கயிறு கட்டுவதை நினைவூட்டவும்.